நின்றதும் முடிந்ததும்

அண்மையில் கனடாவிலிருந்து ஒரு வாசகி மின்னஞ்சல் எழுதியிருந்தார். 1990களில் காலமான தம் தந்தையாரைப் பற்றி நான் எழுதிய சிறுகுறிப்பு என்னிடம் இருக்கிறதா என்பது அவரது கேள்வி. என் பழைய கட்டுரைகள் யாவும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் சிறு நிரலொன்றை ஈமாக்ஸ் தொகுப்பிக்குள்ளிருந்து ஓடவிட்டேன். அது தரும் எழுத்தை ஓர் இடையகத்தில் சேர்த்துக்கொண்டே அன்னாரின் பெயரைத் தேடும் வடிகட்டி ஒன்றையும் சில வரிகளில் எழுதியிருந்தேன்.

இடையில் வேறு வேலை குறுக்கிட்டதால் நிரலை இடைநிறுத்தினேன். ஆயினும் திரையில் மேலும் சில வரிகள் வந்து விழுந்தன. வியப்பதற்கு ஒன்றுமில்லை. நிரல் எழுதுவது நேரே திரைக்கு வருவதில்லை. ஒரு குழாயில் விழுகிறது. ஈமாக்ஸ் தன் வேலை ஓய்ந்து காத்திருக்கும் வேளையிலேயே அதிலிருந்து அள்ளுகிறது. நிரல் நின்றாலும் குழாயில் ஏற்கெனவே விழுந்தது அழிவதில்லை. மறுதலையாக, ஈமாக்ஸ் அள்ளுவதை நிறுத்தினால், லினக்ஸில் வழமையாக 65,536 பைட்டுகள் கொள்ளும் அக்குழாய் நிரம்பியதும் நிரல் தானாகவே நின்று காத்திருக்கும். இருவகையிலும் எதுவும் தொலைவதில்லை.

மீண்டும் ஓடவிட்டேன். நிரல் முடிந்தது. பெயர் அகப்படவில்லை. "மன்னிக்கவும், என்னிடம் இல்லை" என்று அன்றிரவே அவருக்கு எழுதிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த இடையகத்தைத் தற்செயலாகப் புரட்டியபோது, அப்பெயர் என் கண்முன்னே நின்றது. தவறு இடைநிறுத்தத்தினது அன்று, என்னுடையது. குழாயிலிருந்து வருவது வரிவரியாக வருவதில்லை, துண்டுதுண்டாக வருகிறது. நான் நிறுத்திய வேளையில் கடைசியாக வந்த துண்டு அப்பெயரின் நடுவிலே முடிந்திருந்தது. மிகுதி, மீண்டும் தொடங்கிய பின்னரே வந்தது. இடையகத்தில் இரு பாதிகளும் ஒட்டிக்கொண்டன. என் வடிகட்டியோ ஒவ்வொரு துண்டையும் முழுமையானதெனக் கருதித் தனித்தனியே தேடியது. நிறுத்தாதிருந்தாலும் இது நேர்ந்திருக்கக்கூடும்.

திருத்தம் எளியது. முற்றுப்பெறாத கடைசி வரியைக் கையில் வைத்திருந்து, அடுத்த துண்டின் முன்னால் ஒட்ட வேண்டும். நிரல் முடிந்ததென்ற நிலை வந்த பிறகே எஞ்சியதையும் பார்த்து முடிவுசொல்ல வேண்டும். 'நின்றது' என்பதையும் 'முடிந்தது' என்பதையும் ஈமாக்ஸ் வெவ்வேறு நிலைகளாகவே காட்டுகிறது.

தொலையச்சில் வந்த செய்தித்தாளின் அடியில் 'மேலும் வரும்' என்றிருந்தால், அச்சுக்கு அனுப்பாமல் காத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடம். அதை நான் மறந்திருந்தேன்.

அக்குறிப்பையும் என் மன்னிப்பையும் சேர்த்து அவருக்கு மறுமடல் அனுப்பினேன். ஒன்பது வரிகள்தான். அப்பாவைப் பற்றி அச்சில் வந்தது இது ஒன்றே என்று பதில் எழுதியிருந்தார்.