பொன் போட்ட ஆறு

‘ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறாயே’ என்று ஏசாத தமிழ்வீடு குறைவு. அந்த ஆறு விருத்தாசலத்து மணிமுத்தாறு. குளம், திருவாரூர்க் கமலாலயம்.

சுந்தரருக்கு இறைவன் 12,000 பொன் கொடுத்து, ஆற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். சுந்தரர் விவரமானவர். மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டிக் கையோடு வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்த பிள்ளையாருக்கு ஆரூரில் இன்றும் மாற்றுரைத்த விநாயகர் என்றே பெயர். விருத்தாசலத்துக்காரர்கள் ஊரை விருத்தகாசி என்பார்கள். காசியைவிட வீசம் கூடுதல் புண்ணியமாம். மாசி மகத்தன்று கரை கொள்ளாத கூட்டம்.

கோடையில் போனால் ஆறு வெறும் மணல். தண்ணீரைத் தேட வேண்டிய இடம் மேற்கே, கள்ளக்குறிச்சிக்கும் அப்பால்.

மணி, முக்தா என்ற இரண்டு ஆறுகளின் நீரைச் சூளாங்குறிச்சியில் ஓர் அணை தேக்குகிறது. இன்னொரு கிளையான கோமுகிக்குக் கச்சிராயபாளையம் அருகே 46 அடி அணை, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. கல்வராயன்மலையில் மழை என்றால் பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் ஓடைகளில் செம்மண் கலங்கி வெள்ளம் இறங்கும். ஷட்டர் திறந்தால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும். கீழே நெல்லும் கரும்பும் பிழைக்கும். உண்மையில் இந்த ஆறு சுமந்து வரும் பொன் இதுதான்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. சாலையோரத்திலேயே பெரியார் அருவி. பேருந்துக்குள் சாரல் அடிக்காத குறைதான்! மேலே சாமை, மரவள்ளிக் கொல்லைகள், கடுக்காய் மரங்கள்.

இங்கே வாழும் மலையாளி மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கிளம்பி வந்து மலைக்கொருவராகப் பிரிந்தார்கள் என்பது இவர்கள் கதை. கும்பிடும் சாமி கரியராமன்.

சுந்தரர் கதைக்குப் பெரியபுராணம் இருக்கிறது. மூவர் கதை வாய்மொழியாகவே ஓடுகிறது. ஆறு பிறக்கும் இடத்தின் கதை கீழ்நாட்டில் பலருக்குத் தெரியாதது பெரிய குறை. நாடு விடுதலை அடைந்த பிறகும் இம்மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. அணைக்குத் தண்ணீர் கொடுத்த இந்த ஊர்களில் அன்று பிறந்த பிள்ளைகளுக்கு இன்னும் ஐம்பது வயதுதான் ஆகிறது.