பாதியில் நின்ற ஆட்டம்

இடையில் விட்ட வேலையை மீண்டும் தொடுவது, நெடுநாட் கடிதம் எழுதாத நண்பனின் வீட்டுக்குச் செல்வது போன்றது. வாசற்படியிலேயே கூச்சம் வந்து காலைக் கட்டுகிறது. சென்ற மாதம் எமக்கும் இந்நிலை நேர்ந்தது.

2021ஆம் ஆண்டு, பாடசாலைகள் மூடியிருந்த நாட்களில் எமது மகளுக்கு ஆறு வயது. முற்றத்துத் தரையிற் கரியாற் கோடு கீறி அவளுக்கு ஆடு புலி ஆட்டம் கற்பித்தோம். புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை அசையவிடாது அடைக்கும். “நீங்கள் வேலைக்குப் போனால் நான் யாரோடு விளையாடுவது, அப்பா?” என்று அவள் கேட்டாள். கணனியே புலியாக நின்று ஆடும் விளையாட்டொன்றை ஆக்கித் தருவதாக வாக்களித்தோம். நிரல் எழுதுவதும் படம் வரைவதும் ஓசை சேர்ப்பதும் நாமே. ‘கொடோ’ என்னும் இலவச மென்பொருளின் துணையோடு இரவுதோறும் உழைத்தோம்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. வேலை நின்றது. ஆனால் மின்வெட்டு நீங்கிய பின்னரும் நாம் திரும்பவில்லை என்பதே உண்மை. நாளை என்றது மாதமாயிற்று. மாதம் மூன்று வருடங்களைக் கடந்தது. மகளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டபோது வராத வெட்கம், கேளாமல் விட்டபோது வந்தது.

கணனியைத் திறந்தோம். நாம் எழுதிய நிரலே அயலான் எழுதியது போலத் தோன்றிற்று. ஓரிடத்தில், “இதை நாளைக்குத் திருத்துக” என்று எமக்கே குறிப்பு வைத்திருந்தோம். எதை என்பதுதான் விளங்கவில்லை! எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோமா என்ற ஆசை எழுந்தது. ஆயினும் பழையதை உள்ளபடியே ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தோம். புலி எழுந்து நடந்தது. அழிக்க மனம் வரவில்லை.

இதற்கிடையில், 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம், அம்மென்பொருளின் நான்காம் பதிப்பு வெளிவந்திருந்தது. கட்டளைச் சொற்கள் பல மாறியிருந்தன. பழைய வேலையின் பிரதியொன்றைப் பத்திரப்படுத்திவிட்டு, மற்றதைப் புதிய பதிப்பில் திறந்தோம். திரை முழுவதும் பிழைகள். இரவுக்கு ஒரு பிழை என்று கணக்கு வைத்துத் திருத்தினோம். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

ஓர் இரவு எதிர்பாராத மகிழ்ச்சி காத்திருந்தது. ‘வெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. கணனியின் நினைவிலோ வகரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே பதிவாகின்றன. வரையும்போது அதனை இடம்மாற்றும் வசதி முன்னைய பதிப்பில் இல்லை. ஆதலால் ‘வெற்றி’ என்னும் சொல் உருக்குலைந்தே தெரிந்தது. புதிய பதிப்பில் அவ்வசதி உண்டு. ‘வெற்றி’ ஒழுங்காகத் தெரிந்தது. நாம் சோம்பியிருந்த காலத்தில் முன்பின் அறியாத எவரோ எமது சுமையைக் குறைத்திருந்தார்கள்.

மகளுக்கு இப்போது பத்து வயது. இனியும் இதில் விருப்பம் இருக்குமா என்ற அச்சத்தோடுதான் அழைத்தோம். அமர்ந்தாள்; ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். சிறிது நேரத்தில், “அப்பா, உங்கள் புலி கள்ள விளையாட்டு விளையாடுகிறது!” என்று கூவினாள். பார்த்தோம். அடுத்தடுத்து நின்ற இரண்டு ஆடுகளை ஒரே பாய்ச்சலில் தாண்டியிருந்தது. “திருத்துங்கள், நாளைக்கும் வருவேன்” என்று சொல்லிப் போனாள்.

அன்றிரவு, கணனியை மூடுமுன் எமக்குக் குறிப்பொன்று எழுதினோம். இம்முறை தெளிவாகவே எழுதினோம்: “புலி இரண்டு ஆடுகளைத் தாண்டுகிறது. நாளை மாலைக்குள் திருத்துக. மகள் வருவாள்.”