ரொட்டியை வென்றவர் யார்?



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். "ஆங்கிலத்தில் மிகக் கடினமான சொல் எது?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வாய்க்குள் நுழையாத நீண்ட சொல் ஒன்றை நான் கூறுவேன் என எதிர்பார்ப்பார்கள். நானோ, "பிரெட்" என்பேன். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிறிய சொல்லிடம் நான் பட்ட பாட்டை அவர்கள் அறியமாட்டார்கள். உங்களிடம் அதைச் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

அது 1962ஆம் ஆண்டு. தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் கடை வைத்திருந்த என் வாப்பா, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மௌத்தாகிவிட்டார்கள். உம்மா விடியுமுன் எழுந்து மாவு இடித்து இடியாப்பம் பிழிவார்கள். அதைப் பனையோலைப் பெட்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். இந்தச் செய்தி வகுப்புத் தோழர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அன்று என் பெருங்கவலை.

அவ்வாண்டு ஏழை மாணவர்க்கான உதவித்தொகைக்கு மனு கொடுக்கச் சொன்னார்கள். படிவம் முழுவதும் ஆங்கிலம். அதில் ஓரிடத்தில், குடும்பத்தின் ‘பிரெட்வின்னர்’ யார் என்று கேட்டிருந்தது. அகராதியைப் புரட்டினேன். ‘பிரெட்’ என்றால் ரொட்டி. ‘வின்னர்’ என்றால் வென்றவர். ரொட்டியை வென்றவர்! எங்கள் வீட்டில் காய்ச்சல் கண்டால்தான் ரொட்டி வாங்குவார்கள். அதற்காக எவரும் பந்தயம் ஓடியதில்லை. ஆகவே, ‘ஒருவருமில்லை’ என்று எழுதி ஆங்கில ஆசிரியரிடம் நீட்டினேன்.

படித்துப் பார்த்த அவர் சிரிக்கவில்லை. "தம்பி, உங்கள் வீட்டில் யார் சம்பாதித்துச் சோறு போடுகிறார்கள் என்று கேட்கிறான்" என்றார். நான் சற்றும் தயங்காமல், "மாமா, சார்" என்றேன். அது பொய். மாமா நல்லவர்தாம், பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். ஆனால் எங்கள் அடுப்பு அவரால் எரியவில்லை.

ஆசிரியர் என்னை உற்று நோக்கினார். "காலையில் என் வீட்டுக்கு இடியாப்பம் கொண்டுவருவது நீதானே? அதைப் பிழிவது யார்?" என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். அப்போது அவர் கூறிய விளக்கத்தை இன்றளவும் நான் மறக்கவில்லை. ‘வின்’ என்னும் சொல்லுக்குப் பழங்காலத்தில் ‘பாடுபடு, உழை’ என்பதே பொருளாம். வெற்றி என்பது பின்னால் வந்து சேர்ந்ததாம். "பாடுபட்டு உணவை ஈட்டுகிறவர் எவரோ அவரே பிரெட்வின்னர். இப்போது எழுது, தம்பி" என்றார். நான் உம்மாவின் பெயரை எழுதினேன்.

அன்றிலிருந்து இந்த ‘பிரெட்’ என்னை விடவில்லை. நாம் சோற்றைச் சுற்றிப் பேசுவதைப் போலவே ஆங்கிலேயர் ரொட்டியைச் சுற்றிப் பேசுகிறார்கள். ஒருவருடைய பிழைப்பைக் கெடுப்பதை நாம் ‘வயிற்றில் அடிப்பது’ என்கிறோம். அவர்கள் ‘வாயிலிருந்து ரொட்டியைப் பறிப்பது’ என்கிறார்கள். ‘பிரெட் அண்ட் பட்டர்’ என்றால் அன்றாட வருவாய் தரும் தொழில். ஆனால் ‘பிரெட் அண்ட் பட்டர் லெட்டர்’ என்றால், விருந்தினராகத் தங்கிவிட்டு வந்தவர் அவ்வீட்டாருக்கு எழுதும் நன்றிக் கடிதம். என் மாணவன் ஒருவன் இதனை ‘ரொட்டியும் வெண்ணெயும் கேட்டு எழுதும் கடிதம்’ என்று மொழிபெயர்த்தான். அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. ‘ஒருவருமில்லை’ என்று எழுதியவன் அல்லவா நான்!

ஜான் ஹேவுட் என்பவர் 1546இல் வெளியிட்ட பழமொழி நூலிலேயே இரண்டு ரொட்டிப் பழமொழிகள் உள்ளன. ஒன்று, ‘ரொட்டியே இல்லாததைவிட அரை ரொட்டி மேல்’ என்னும் கருத்துடையது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று நாம் சொல்வதில்லையா? மற்றொன்று, தன் ரொட்டியில் எந்தப் பக்கம் வெண்ணெய் தடவியிருக்கிறது என்று அறிந்திருப்பவனைப் பற்றியது. யாரை அண்டினால் ஆதாயம் என்று தெரிந்து நடப்பவனை அப்படிச் சொல்வார்கள்.

‘பேக்கர்ஸ் டஸன்’ என்றால் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று. இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ரொட்டியின் எடைக்கும் விலைக்கும் கடுமையான சட்டம் வந்தது. எடை குறைந்தால் தண்டனை. அதற்கு அஞ்சிய ரொட்டிக்காரர்கள், டஜனுக்கு ஒன்று கூடுதலாகவே கொடுத்துவிடுவார்களாம். என் உம்மாவும் பத்து இடியாப்பம் கேட்டவர்களுக்குப் பதினொன்று வைத்து அனுப்புவார்கள். அவர்களை எந்தச் சட்டமும் அச்சுறுத்தவில்லை, ‘ஒன்று உடைந்துபோயிருந்தால்?’ என்பதே அவர்களுடைய கவலை.

தெருப்பேச்சில் ரொட்டி பணமாகிவிடுகிறது. அமெரிக்கர்கள் பணத்தை ‘டோ’ என்பார்கள். பிசைந்த மாவு என்று பொருள். ‘பிரெட்’ என்றாலும் பணம்தான். கிழக்கு லண்டன் மக்களோ எதுகை வைத்துப் பேசுவதில் வல்லவர்கள். தலைக்கு ஆங்கிலத்தில் ‘ஹெட்’. அதற்கு எதுகையாக ‘லோஃப் ஆஃப் பிரெட்’. பிறகு அதையும் சுருக்கி ‘லோஃப்’. ‘உன் லோஃபைப் பயன்படுத்து’ என்று ஒருவர் சொன்னால், ரொட்டியைத் தேடாதீர்கள். மூளையைப் பயன்படுத்துங்கள் என்கிறார்!

புதிதாக ஒன்று வந்து எல்லாரையும் வியக்க வைத்தால், ‘துண்டு போட்ட ரொட்டிக்குப் பிறகு வந்தவற்றுள் இதுவே சிறந்தது’ என்பது அவர்கள் வழக்கு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் சில்லிகாத்தி என்னும் ஊரில், 1928 ஜூலை 7 அன்றுதான் இயந்திரத்தால் துண்டு போட்ட ரொட்டி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இயந்திரத்தை உருவாக்கியவர் ஆட்டோ ரோவெட்டர். போர்க்காலமான 1943இல் அந்நாட்டு அரசு துண்டு போட்ட ரொட்டியைத் தடை செய்தது. ஜனவரியில் வந்த தடை, எதிர்ப்பைத் தாங்காமல் மார்ச்சிலேயே நீங்கியது.

ஆயினும் என் நெஞ்சைத் தொட்டவை வேறு இரு செய்திகள். ‘கம்பானியன்’ என்றால் தோழன். லத்தீனில் ‘பானிஸ்’ என்பது ரொட்டி. உடனிருந்து ரொட்டியைப் பகிர்ந்து உண்பவனே கம்பானியன். நம்மை ஆண்டுவிட்டுப் போன ‘கம்பெனி’யின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான்! அதே ‘பானிஸ்’தான் போர்த்துக்கீசியர் வழியாக இலங்கைக்கு வந்து ‘பாண்’ ஆயிற்று. வாப்பா கொழும்பிலிருந்து வந்திருக்கும்போது ரொட்டியைப் ‘பாண்’ என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லை வெகுகாலம் கழித்து அகராதியில் கண்டபோது, வாப்பாவின் குரலைக் கேட்டதுபோல் இருந்தது.

மற்றொன்று, ‘லார்ட்’, ‘லேடி’ என்னும் சொற்களின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி. ரொட்டியைக் காப்பவன் என்னும் கூட்டுச்சொல் தேய்ந்து ‘லார்ட்’ ஆயிற்று. ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்னும் சொல் தேய்ந்து ‘லேடி’ ஆயிற்று. பட்டாடை உடுத்திய சீமாட்டிக்கு வழங்கும் சொல்லின் அடியில் இருப்பவை மாவு படிந்த இரண்டு கைகள்!

அந்தப் படிவத்தின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. அன்று மாலை, மாமாவிடம் கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. உம்மாவின் பெயரைக் கண்டதும் அவர் முகம் சுருங்கிற்று. "பெண் பிள்ளையின் பெயரையா எழுதி அனுப்புவது? என் பெயரை எழுதினால் என்ன?" என்றார். ஆசிரியர் சொன்ன பொருளை நான் நடுங்கிக்கொண்டே சொன்னேன். மாமா வெகுநேரம் பேசவில்லை. மூலையில் சாத்தியிருந்த உலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டார்.

உம்மாவுக்கு அரபுத்தமிழ் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அந்தத் தாளை விளக்கருகே பிடித்து, "இதில் என் பெயர் எது, வாப்பா?" என்று என்னிடம் கேட்டார்கள். காட்டினேன். விரலால் தொட்டால் அழுக்காகிவிடும் என்று அஞ்சியவர்களாக, சற்று மேலாகவே விரலை ஓட்டிப் பார்த்தார்கள். "நான் ரொட்டி சுடவில்லையே, இடியாப்பம்தானே பிழிகிறேன்" என்று மட்டும் சொன்னார்கள்.

உதவித்தொகை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அவ்வாண்டு கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு கிடைத்தது. ஆனால் அந்தப் படிவத்துக்குப் பிறகு, ஓலைப் பெட்டியைத் துணியால் மூடி மறைத்துக்கொண்டு நான் தெருவில் நடந்ததில்லை.

வாசகர்களே! உங்கள் பிள்ளைகளும் இன்று பலவிதப் படிவங்களை நிரப்புகிறார்கள். குடும்பத்தில் பாடுபடுபவர் யார் என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் யோசிக்கும் நேரத்தில், அடுப்படியிலிருந்து வரும் ஓசையைச் சற்றுக் கேட்கச் சொல்லுங்கள்.