வார்னிங்தானே, விடுடா!

நண்பர்களே, நம்ம லேபில் அதிகமாகக் காதில் விழும் வசனம் எது தெரியுமா? "எரர் இல்லடா, வெறும் வார்னிங்தான். அவுட்புட் வருதுல்ல, விடு!" தமிழ் மீடியத்தில் படித்து வந்த நம்மில் பலருக்கு எரர் என்றால் பயம். வார்னிங் என்றால், ஏதோ இங்கிலீஷில் முணுமுணுக்கிறது என்று ஓர் அலட்சியம். அப்படிப்பட்ட ஒரு முணுமுணுப்பைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

சி மொழியில் ஈனம் என்று ஒன்று உண்டு. (சிரிக்காதீர்கள்! எனக்கு அது 'இனம்' என்றுதான் கேட்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது.) வெறும் எண்களுக்குப் பதிலாகப் பெயர்களை வரிசையாகக் கொடுக்கலாம். மோட்டாருக்கு: நின்றது, ஓடுகிறது, ட்ரிப். வால்வுக்கு: மூடியது, திறந்தது, சிக்கியது. உள்ளே போனால் இரண்டு வரிசையும் 0, 1, 2 தான்.

அலாரம் அடிக்க 'வால்வு சிக்கியதா?' என்று கேட்க வேண்டிய இடத்தில், ஒருவர் 'வால்வு ட்ரிப்பா?' என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். இரண்டுமே 2. அலாரம் ஒழுங்காக அடிக்கும், எக்ஸ்டர்னலும் முழு மார்க் போட்டுவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்து வேறொருவர் 'சிக்கியது'க்கு முன்னால் 'பாதி திறந்தது' என்று ஒரு பெயரைச் சேர்க்கிறார். இப்போது அது 2, சிக்கியது 3. அன்றிலிருந்து வால்வு பாதி திறந்தாலே அலாரம் அலறும். நிஜமாகச் சிக்கிக்கொண்டால் சத்தமே வராது. பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர் கதி என்ன? அவர் நம்மில் யாரோ ஒருவரின் அப்பாவாகக்கூட இருக்கலாம்.

ஜிசிசி கம்பைலர் இதை முதல் நாளே சொல்லிவிடும். 'கம்பாரிசன் பிட்வீன்' என்று தொடங்கி இரண்டு ஈனத்தின் பெயரையும் போட்டுக் காட்டும். ஆனால் சி-யில் 'மைனஸ் டபிள்யூ ஆல்' சேர்த்துக் கம்பைல் செய்தால்தான் வாயைத் திறக்கும். சி பிளஸ் பிளஸில் கேட்காமலே சொல்லும். 2011-இல் வந்த ஈனம் கிளாஸ் ரொம்பக் கறார்: இனம் மாறி ஒப்பிட்டால் நேரே எரர்தான். பழைய ஈனங்களையும் இப்படி ஒப்பிடுவதைக் கைவிட வேண்டிய வழக்கம் என்று 2020 தரத்தில் குறித்துவிட்டார்கள்.

சில சீனியர்கள் ஒரு வைத்தியம் சொல்லித் தருவார்கள். முன்னால் 'இன்ட்' என்று காஸ்ட் போட்டால் வார்னிங் போய்விடுமாம். போகும்தான். ஆனால் அலாரம் அதே தப்பைத்தான் செய்யும். அண்ணா, 'ட்ரிப்'பை அடித்துவிட்டு 'சிக்கியது' என்று எழுத அதைவிடக் குறைந்த நேரம்தானே ஆகும்?