வரவிருக்கும் நிகழ்ச்சிகள்

பருவத்தின் வரவை மலரும் பறவையும் அறிவிக்கும் என்பர் புலவர். தலைநகரில் அரசுக் குடியிருப்பொன்றில் காலந்தள்ளும் நமக்கோ அதனை அறிவிப்பது நாளேட்டின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்னும் பகுதியே. ஐப்பசி பிறந்து, மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கும் இரவுகள் தொடங்கியதும் அப்பகுதி நீளத் தொடங்கும். பங்குனி முடிந்து வெப்பக்காற்று வீசத் தொடங்கியதும் சுருங்கிவிடும். சென்னைக்கு மார்கழி ஒரு திங்கள். தில்லிக்கோ ஏறத்தாழ ஆறு திங்களும் மார்கழி.

பட்டம் பெற்று, பணித் தேர்வெழுதி, எழுத்தராக 2003-ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்தபோது நமக்கு வயது இருபத்து மூன்று. முதல் பணி, அலுவலகத்துக்கு வரும் தபால்களைப் பதிவேட்டில் ஏற்றுவது. நாள், அனுப்பியவர், பொருள், எடுத்த நடவடிக்கை எனக் கட்டங்கள் அமைந்த அப்பதிவேட்டைப் போன்றே வீட்டிலும் ஓர் ஏடு போட்டோம். வெள்ளிதோறும் வரவிருக்கும் இசை, நாடக, நடன நிகழ்ச்சிகளை அதில் பதிவோம். கடைசிக் கட்டத்தில், சென்று வந்தால் 'முடிந்தது', செல்லாவிடில் 'நிலுவை'. அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் எவரும் நம்மைப் பெரும் இரசிகர் என்றே எண்ணுவர். கடைசிக் கட்டத்தை மட்டும் அவர்கள் படிக்கலாகாது.

ஏட்டில் மிகுதியும் இடம்பெறுவது மண்டி ஹவுஸ் வட்டாரம். இமயமலைச் சாரலிலுள்ள மண்டி சமஸ்தானத்து மன்னரின் மாளிகை நின்ற இடம் அது. மாளிகை மறைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த வட்டச்சாலையைச் சுற்றி நடக்கும் தொலைவிலேயே இத்தனை அரங்குகள் அமைந்திருப்பது நம் நாட்டில் அரிய காட்சி. 1971-இல் திறக்கப்பட்ட கமானி அரங்கம், தான்சேன் சாலையில் திரிவேணி கலா சங்கம், நாடகத்துக்கென்றே அமைந்த ஸ்ரீராம் மையம், ரவீந்திர பவனத்தில் சங்கீத நாடக அகாதெமி, அருகே தேசிய நாடகப் பள்ளி. அகாதெமியை 1953-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். அதன் முதல் தலைவராக விளங்கியவர் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த பி.வி. இராஜமன்னார். நாடகப் பள்ளி 1959-இல் தோன்றியது. அதன் இயக்குநராயிருந்த அல்காஸி, 1963-இல் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளையே மேடையாக்கி 'அந்தா யுக்' நாடகத்தை நடத்திக் காட்டினார். பள்ளி 1999-இல் தொடங்கிய பாரத ரங்க மகோற்சவத்தில் பல மாநில நாடகங்களும் அயல்நாட்டு நாடகங்களும் மேடையேறுகின்றன. மொழி தெரியாத நாடகத்தைப் பார்த்துக் கண்கலங்கி வீடு திரும்பிய அனுபவம் நமக்கும் உண்டு.

தமிழுக்கும் இந்நகர் மேடையில் இடமில்லாமற் போகவில்லை. இந்திரா பார்த்தசாரதி 'மழை' முதலிய நாடகங்களை எழுதியது தில்லியில் பேராசிரியராயிருந்த காலத்திலேயாம்.

நகரெல்லையைத் தாண்டியும் ஏடு நீளும். திசம்பரில் குவாலியரில் தான்சேன் விழா. அவ்விசை மாமேதையின் சமாதியருகே உள்ள புளியமரத்தின் இலையை மென்றால் குரல் இனிக்கும் என்று பாடகர் நம்புவர். பிப்ரவரியில் பரீதாபாத்தில் சூரஜ்குண்ட் கைவினைச் சந்தை. 1987 முதல் நடந்துவரும் அதில் நாட்டார் ஆடலும் பாடலும் பகல் முழுதும் உண்டு. அதே திங்களில் ஆக்ராவில் தாஜ் மகோற்சவம். இவையனைத்திலும் மூத்தது சலந்தர் நகரின் ஹரிவல்லப சங்கீத சம்மேளனம். 1875-இல் தொடங்கிய இவ்விழா, திசம்பர் இறுதியில், பஞ்சாபின் கடுங்குளிரில், தேவி தாலாப் கோயில் வளாகத்தில் நடைபெறுகிறது. கட்டணமில்லை, கம்பளி போர்த்தியபடி மக்கள் நள்ளிரவு கடந்தும் கேட்பராம். 'கேட்பராம்' என்று எழுதுவதன் காரணத்தை வாசகர் ஊகித்திருப்பர். நம் ஏட்டில் ஆண்டுதோறும் சலந்தருக்கு எதிரே 'நிலுவை' என்றே உள்ளது.

இவ்வேட்டுக்கு நம்மைத் தவிர ஒரு வாசகர் இருந்தார். நேதாஜி நகர்க் குடியிருப்பில் நமக்கு இரண்டு வீடு தள்ளி, அரசுப் பணியிலிருந்த மகனுடன் வாழ்ந்த திருநெல்வேலிப் பெரியவர். வெள்ளி மாலை தவறாமல் வருவார். "தம்பி, இந்த வாரம் என்ன?" என்பார். நாம் வாசிக்க வாசிக்க, தம் சட்டைப் பையிலிருந்த பழைய அழைப்பிதழின் பின்புறத்தில் குறித்துக்கொள்வார். அண்ணாச்சி என்றே நாம் அழைப்போம்.

இந்துஸ்தானி இசையை நாம் கேட்கப் பழகியது அவரால்தான். முதன்முறை ஒரு கச்சேரிக்கு அழைத்துச் சென்றபோது, பாடகர் அரை மணி நேரம் நாலைந்து சுரங்களைச் சுற்றியே வந்துகொண்டிருந்தார். நாம் நெளிந்தோம். அண்ணாச்சி காதருகே குனிந்து, "நம்ம ஊர்ல தேர் நிலையை விட்டுக் கிளம்ப எவ்வளவு நேரமாகும்? வடம் பிடிச்சவன் அவசரப்பட்டா ஆகுமா? பொறுங்க தம்பி, தேர் கிளம்பட்டும்," என்றார். பூபாளி என்று அவர்கள் பாடுவதில் நம் மோகனத்தையும், மால்கௌன்ஸில் இந்தோளத்தையும் கண்டுகொள்ளும்போது நம் முழங்கையை மெல்லத் தட்டுவார்.

2016-ஆம் ஆண்டில் மைய அமைச்சரவை, தில்லியின் ஏழு பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட இசைவளித்தது. நேதாஜி நகரும் அவற்றுள் ஒன்று. வேப்பமர நிழலில் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாயின. நமக்கு இராமகிருஷ்ணபுரத்தில் வீடு கிடைத்தது. அண்ணாச்சியின் மகன் பரீதாபாத்தில் வீடு வாங்கிக் குடிபெயர்ந்தார். இனி அண்ணாச்சி வருவதெங்கே என்று எண்ணினோம். ஆனால், 2015-லேயே பரீதாபாத் வரை மெட்ரோ நீண்டிருந்தது. அவ்வண்டியிலேயே மாறாமல் மண்டி ஹவுஸ் வந்திறங்கலாம். "அரசாங்கம் எனக்காகவே போட்ட ரயிலு" என்று சிரித்தார். வெள்ளிதோறும் நேரில் வந்தவர் தொலைபேசியில் கேட்கலானார். நாமோ காலத்துக்கேற்பப் பட்டியலைக் கைப்பேசிக் குழுவில் இடத் தொடங்கினோம். அண்ணாச்சியிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி; அவருக்கு மட்டும் வாய்மொழி.

2019 சனவரியில் ஒரு சனிக்கிழமை. சென்னையிலிருந்து வரவேண்டிய பாடகரின் விமானம் மூடுபனியால் தாமதமாக, கச்சேரி மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிற்பகலில் நமக்குச் செய்தி வந்தது. அன்று அலுவலகத்தில் அவசரக் கோப்பொன்று. செய்தியைக் குழுவில் இட்டுவிட்டுக் கோப்பில் மூழ்கினோம். குழுவில் இல்லாத ஒருவர் உண்டென்பது இரவு ஒன்பது மணிக்கு அவர் மகன் தொலைபேசியில், "அப்பா உங்களோட இருக்காங்களா?" என்று கேட்கும்வரை நினைவில் எழவில்லை.

விளக்கெரியாத அரங்கின் படிக்கட்டில் ஆறரை முதல் எட்டரை வரை அமர்ந்திருந்தாராம். காவலாளி சொல்லியும் நம்பவில்லை. தம்பி சொன்னது தவறாயிராது, கலைஞர் வரத் தாமதம் என்றே எண்ணியிருக்கிறார். பின்னர் வண்டியேறி நடுக்கத்துடன் வீடு சேர்ந்தார். பத்து நாள் மார்புச்சளியோடு படுக்கையில் கிடந்தார்.

அடுத்த ஞாயிறன்று சென்று பார்த்தோம். மன்னிப்புக் கேட்கச் சொற்களை அடுக்கி வைத்துக்கொண்டு போன நம்மை அவர் பேசவே விடவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, "அதெல்லாம் இருக்கட்டும். மறுநாள் கச்சேரியில என்ன பாடினாரு?" என்றார்.

நாம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, குளிர், துவைக்க வேண்டிய துணிகள். ஏட்டில் 'நிலுவை' என்று எழுதி மூடியிருந்தோம். உண்மையைச் சொன்னோம். அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்களாவது போயிருக்கலாமே, தம்பி," என்றார். பனியில் வாடியதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை, இதைத்தான் சொன்னார். பதினாறு ஆண்டுகளில் மேலதிகாரிகள் எவர் கடிந்ததும் நம்மை இவ்வளவு உறுத்தியதில்லை.

அன்று முதல் ஏட்டின் கட்டங்கள் கூடின. ஏறவேண்டிய படிகள் எத்தனை, கழிப்பறை எந்தப் பக்கம், முடிந்து திரும்பக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, மாறுதல் உண்டானால் யாருக்கு நேரில் சொல்லவேண்டும் என்பனவற்றையும் எழுதுகிறோம். கடைசிப் பெயர்களின் கீழே சிவப்பு மையில் கோடு. திங்களுக்கு ஒன்றேனும் சென்றே தீர்வதென்றும் முடிவு செய்தோம். 2020 மார்ச்சில் அரங்குகள் அடைபட்டபோது ஏட்டின் பக்கங்களும் வெறுமையாயின. அவற்றைக் கிழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

அரங்குகள் மீண்டும் திறந்தன. அண்ணாச்சியின் முழங்கால்கள் திறக்க மறுத்துவிட்டன. எண்பதைக் கடந்த அவர் இன்று மாலையில் வெளியே செல்வதில்லை. ஆயினும் வெள்ளிதோறும் தொலைபேசி ஒலிக்கிறது. "இந்த வாரம் என்ன?" நாம் வாசிக்கிறோம். அவர் குறித்துக்கொள்ளும் ஓசை கேட்கிறது. போகவியலாத நிகழ்ச்சியை ஏன் குறிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டோம். "எந்த நேரத்துல யார் பாடுறாங்கன்னு தெரிஞ்சா, அந்த நேரத்துல சும்மா உக்காந்திருந்தாலும் நல்லாருக்கு," என்றார். கச்சேரி முடிந்த இரவில் நாம் அழைத்து, பாடியவற்றை வரிசையாகச் சொல்வோம். பூபாளி என்றால், "மோகனம்" என்று எதிர்முனையில் குரல் வரும்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் அரங்கில் பின்வரிசைகள் வெறுமையாயிருப்பதைக் கண்டு வருந்துகிறோம். அழைப்பிதழைக் குழுவில் இட்டதோடு கடமை முடிந்ததென எண்ணாது, அருகிலுள்ள முதியவர் ஒருவரின் கதவைத் தட்டி, உடன் அழைத்து வந்து, மீண்டும் வீட்டில் விடுவோமாயின் ஒரு வரிசையேனும் நிரம்பும்.

நாமும் ஒன்று செய்யத் துணிந்துள்ளோம். வரும் திசம்பரில் சலந்தர் செல்ல விடுப்பு கேட்டிருக்கிறோம். அண்ணாச்சியிடம் சொன்னபோது, "கம்பளி ரெண்டா எடுத்துக்கங்க," என்று மட்டும் சொன்னார். ஏட்டில் சலந்தருக்கு எதிரே, இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக 'நிலுவை' இல்லை. 'விண்ணப்பம் அளிக்கப்பட்டது' என்று பென்சிலால் எழுதியிருக்கிறோம்.