கொண்டை ஊசி

நேயர்களே, உங்கள் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை போடாத பெண்கள் பாட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நேராகப் போய், சட்டென்று திரும்பி, போன வழிக்குப் பக்கத்திலேயே வருகிறது அல்லவா? மலைப் பாதையில் இப்படித் திரும்பும் இடத்துக்குத்தான் கொண்டை ஊசி வளைவு என்று பெயர். கொல்லிமலையில் இவை 70. ஆழியாற்றிலிருந்து வால்பாறை போகும் பாதையில் 40. நூற்றுப் பத்தையும் மோட்டார் சைக்கிளின் பின் ஸீட்டில் உட்கார்ந்து ஏறி இறங்கியவள் சொல்கிறேன், கேளுங்கள்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவருக்கு வாலிபம் திரும்பிவிட்டது. "கார் வேண்டாம், ரயில் வேண்டாம். நம்ம வண்டியிலேயே போவோம்" என்றார். இரும்புலியூர் வாசிகளான எங்களுக்கு ஜி.எஸ்.டி. ரோடு வாசல் மாதிரி. ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு, லாரிகளோடு லாரியாகக் கிளம்பினோம். உளுந்தூர்ப்பேட்டையில் மேற்கே திரும்பி, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் தாண்டி, நாதஸ்வரத்தால் பெயர் பெற்ற நாமகிரிப்பேட்டையில் காப்பி சாப்பிட்டுவிட்டு, காரவள்ளி அடிவாரத்தை அடைந்தபோது என் இடுப்பு என்னுடையதாக இல்லை.

அங்கேதான் '1/70' என்று முதல் பலகை நிற்கிறது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பதில் காதடைத்தது; ஐம்பதில் மிளகுக் கொடி தெரிந்தது; எழுபதில் குளிர் காற்று முகத்தில் அடித்தது. மறுநாள் அறப்பளீஸ்வரர் தரிசனம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இறங்கும்போது பாட்டுப் பாடினேன். ஏறும்போது பகவானைக் கூப்பிட்டேன்.

கொல்லிமலையிலிருந்து இறங்கியபோது எங்களுக்கு முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த முடியவில்லை என்று இவர் முணுமுணுத்தார். அந்த லாரி எங்களுக்குச் செய்த உபகாரம் அப்போது தெரியவில்லை.

திருச்செங்கோடு, ஈரோடு, பல்லடம், பொள்ளாச்சி. பிறகு வால்பாறை. கத்தரித்து விட்டாற்போல் தேயிலைத் தோட்டங்கள்! யானைகள் நடமாடும் இடங்களில் சிவப்பு விளக்கு எரியவிட்டு எச்சரிக்கும் ஏற்பாடு அங்கே 2011 முதல் இருக்கிறது. "விளக்கைப் பார்த்தால் உடனே நின்றுவிட வேண்டும்" என்று இவர் எனக்குப் பாடம் நடத்தினார். யானைக்கு இருந்த மரியாதை மலைச் சரிவுக்கு இல்லை!

ஊர் திரும்பும் நாள் காலை. இறக்கம் தொடங்கியதும் வண்டிச் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"நியூட்ரல் போட்டுட்டேன். சும்மா உருளுது பார். பெட்ரோல் மிச்சம்!"

இருபத்தைந்தாவது வளைவுக்கு மேலே தீய்ந்த நாற்றம் வந்தது. யாரோ பால் தீய விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மலையில் ஏது பால்? தீய்ந்தது எங்கள் பிரேக். "பிடிக்க மாட்டேங்குது" என்றார். அந்தக் குரலை முப்பது வருஷ இல்லறத்தில் நான் கேட்டதில்லை. கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. நல்ல வேளை, மலைப் பக்கத்து ஓரத்தில் சரளைக் குவியல் இருந்தது. வண்டியை அதில் சொருகி நிறுத்தினார். எங்களுக்குக் காயமில்லை.

நான் இறங்கி, "இனி நடந்தே வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

பஸ் டிரைவர் நிறுத்தி எட்டிப் பார்த்தார். சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் பாட்டிலைத் திறந்த இவரைத் தடுத்தார். "ஊத்தாதீங்க சார், சூட்டிலே டிரம் விரிஞ்சு போகும். தானா ஆறட்டும். ஏறின கியரிலேயே இறங்கணும். எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டாப் போதும்."

குறுகலான மலைப் பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-லேயே சாலை விதி எழுதிவிட்டார்கள். நியூட்ரலில் உருண்டு வருகிறவர் எப்படி வழிவிடுவார்? ஏற்றத்தில் வண்டி தானே திணறி நம்மை நிதானப்படுத்துகிறது. இறக்கத்தில் நிதானம் நம்மிடமிருந்துதான் வரவேண்டும்.

முக்கால் மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தோம். இவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "உட்காரு. ரெண்டாம் கியரை விட்டு மாத்த மாட்டேன்" என்றார். உட்கார்ந்தேன். எஞ்சின் உறுமிக்கொண்டே எங்களை இறக்கியது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வ்யூ என்ற இடத்தில் நிறுத்தினார். கீழே ஆழியாறு அணைத் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. அதைப் பார்க்க நாங்கள் இருவரும் இருந்தோம், அது போதாதா?

இப்போது ஏலகிரிக்குத் திட்டம் போடுகிறார். "பதினாலே வளைவுதான்" என்றார்.

"நியூட்ரல்?" என்றேன்.

"மூச்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.