பொழுது சாய அரை மணி முன்

ஸ்டாக்ஹோம்

அன்புள்ள தம்பி,

புது வீட்டுக்கு ‘ஸ்மார்ட்’ சாமான்கள் என்னென்ன வாங்கலாம் என்று பட்டியல் கேட்டிருந்தாய். பட்டியலை அப்புறம் பார்க்கலாம். இந்த ஊரில் சாதாரணக் குடும்பங்கள்கூட ஏன் இதில் இறங்குகின்றன என்று முதலில் சொல்கிறேன். உனக்கு ஆகிறதை எடுத்துக்கொள்.

டிசம்பர் நடுவில் இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் இரவு பத்து மணிக்கு மேல்தான் மறையும். சென்னையில் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் முன்பின் நகரும். ஆறு மணிக்கு டைமரை வைத்தால் ஓடிவிடும். இங்கே ஏழு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நவம்பரில் மூன்றரைக்கு வைத்த டைமர் மார்ச்சில் பட்டப்பகலில் விளக்கை எரிக்கும்.

இருட்டோடு ஸ்வீடன்காரர்கள் மல்லுக்கட்டுவது ஜன்னலில். ஜன்னலுக்கு ஒரு சின்ன விளக்கு. திரைச்சீலையைப் பெரும்பாலும் இழுத்து மூடுவதில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஏழு மின்மெழுகுவத்திகள் கொண்ட தண்டு ஒன்றும் வந்து உட்காரும். 1930களில் கோதன்பர்க்கில் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கார் ஆண்டர்சன் என்பவர், கழித்துப்போட்ட கிறிஸ்துமஸ் மர விளக்குகளைக் கொண்டு முதலில் செய்ததாம். எங்கள் மாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அது உண்டு, என் வீட்டிலும்தான். இவை எல்லாமே சுவரில் செருகுகிற விளக்குகள் என்பதால் பல்பை மாற்ற வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஸ்மார்ட் பிளக் போதும்.

பிளக்கோடு வரும் செயலியைத் திறந்தால் மூன்று கேள்விதான் கேட்கும்: எது நடந்தால், எந்த நிலையில், என்ன செய்ய வேண்டும்? உன் வீட்டு மேல்தொட்டி மோட்டாருக்குத் தானியங்கிப் பெட்டி வைத்திருக்கிறாயே, அதன் கணக்கும் இதுதான். தொட்டியில் தண்ணீர் குறைந்தால், கீழே சம்பில் தண்ணீர் இருக்கும் நிலையில், மோட்டாரைப் போடு. என் வீட்டு முதல் வாக்கியம் இது: சூரியன் மறைய அரை மணி முன், வீட்டில் யாராவது இருந்தால், கூடத்து ஜன்னல் விளக்குகள் எரியட்டும், பதினொன்றுக்கு அணையட்டும். இதைக் காகிதத்தில் எழுதிய பிறகே பிளக் வாங்கப் போனேன். நீயும் அப்படிச் செய். கடையில் நின்றுகொண்டு யோசித்தால் பத்துச் சாமான் வாங்கத் தோன்றும்.

சூட்சுமம் நடுக்கேள்வியில் இருக்கிறது. ஜூனில் அஸ்தமனம் பத்துக்கு மேல் என்பதால் விளக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாக எரியும். “ஒன்பது மணிக்கு முன்பு என்றால் மட்டும்” என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் தீர்ந்தது. வடக்கே கிருனாவில் கதை வேறு. அங்கே டிசம்பரில் சில வாரங்கள் சூரியன் எழுவதே இல்லை. எழாத சூரியன் மறைவது எப்படி? அஸ்தமனத்தை நம்பி எழுதிய விதி, வருஷத்தின் மிக இருண்ட நாட்களில் பார்த்து விளக்கேற்றாமல் உட்கார்ந்திருக்கும். அங்கே வெளிச்சத்தை அளக்கும் உணரியை நம்ப வேண்டும்.

ஒரு கம்பெனிச் சாமான் இன்னொன்றோடு ஒத்துப்போகாத சண்டையைப் பற்றி இரண்டு வரி. 2022இல் ‘மேட்டர்’ என்ற பொதுத் தரம் வந்தபின், வெவ்வேறு கம்பெனிச் சாமான்களை ஒரே செயலியில் சேர்ப்பது எளிதாகியிருக்கிறது. பெட்டியில் அந்தக் குறி இருக்கிறதா பார். ஆர்வம் முற்றினால் பவுலஸ் ஸ்கௌட்சன் 2013இல் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் ஓடுவதால் இணையம் போனாலும் பெரும்பாலான விதிகள் நிற்காது.

காசு மிச்சமாகுமா என்று கேட்டாய். விளக்கில் ஒன்றும் ஆகாது. ஐந்து வாட் எல்.இ.டி. ஒரு யூனிட் தின்ன இருநூறு மணி நேரம் ஆகும். இங்கே மிச்சம் வேறிடத்தில். ஸ்வீடனை மின்விலைக்காக நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நாளைய விலை இன்று மதியம் ஒரு மணி வாக்கில் தெரிந்துவிடும். 2025 அக்டோபரிலிருந்து சந்தையில் கால் மணிக்கு ஒரு விலை. அந்த விலைப்படி கட்டணம் செலுத்துகிறவர்கள் காருக்குச் சார்ஜ் போடுவதையும் வெந்நீர்க் கொதிகலனையும் மலிவான நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம் ஊர் வீட்டுக் கணக்கு யூனிட்டைப் பார்ப்பது. நேரத்தை மாற்றி நீ மிச்சம் பிடிக்க முடியாது.

அம்மா இங்கே வந்திருந்தபோது, படுக்கப் போகுமுன் சுவரில் இருக்கிற சுவிட்சையெல்லாம் தட்டி அணைத்துவிட்டுத்தான் போவாள். சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்புக்கு உயிரில்லை, எந்த விதியும் வேலை செய்யாது. அம்மா செய்வதுதான் சரி. வீட்டுக்கு வருகிற யாரும் செயலி இல்லாமல் விளக்குப் போடவும் அணைக்கவும் முடிய வேண்டும். உன் வீட்டில் எல்லாமே சுவர் சுவிட்ச் என்பதால், பல்பை விட்டுவிட்டு சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் ரிலேயைப் பார். அதை எலெக்ட்ரீஷியன் பொருத்தட்டும். நியூட்ரல் ஒயர் சுவிட்ச் பெட்டி வரை வந்திருக்கிறதா என்றும் அவரிடமே கேள். கீசரையும் மோட்டாரையும் மலிவான பிளக்கில் செருகாதே, எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

இன்னொன்று. “கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய?” என்று அமைப்புகளுக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கும். இங்கே அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நீ “அணைந்தே இரு” என்று போட்டுவிடு. இல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்போது படுக்கையறை விளக்கு பளீரென்று எரியும். குழந்தையை மறுபடி தூங்கவைக்கும் வேலை உன் தலையில் விழும்.

அன்புடன்,
அண்ணன்